பயிற்சியாளர் என்ற கட்டம்

முத்தாபுதுப்பேட்டை
4.9.1990

அன்புள்ள சுசீ,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் தூக்கம் என்று நினைத்துக்கொள். கோபம் என்று நினைத்தாலும் தப்பில்லை. பெனிட்டாவுக்கு மறுபடி இளைப்பு. இப்போதுதான் தோளிலிருந்து இறக்கினேன். கிறிஸ்துராஜுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட், புருஷன் துணையும் இல்லை. ஒரு கண் காகிதத்தில், ஒரு காது குழந்தையின் மூச்சில்.

சேலம் போட்டியிலிருந்து திரும்பிப் பத்து நாளாயிற்று. நீயே ஒரு வரி எழுதுவாய் என்று தபால்காரரைப் பார்த்துப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது.

பைனலில் நாற்பது செகண்ட் பாக்கி. நாங்கள் ஐம்பது, அவர்கள் ஐம்பத்தொன்று. அவர்கள் அந்தக் கூடையைப் போட்டதும் ஸ்கோர் மேசைக்கு ஓடி வந்து டைம் அவுட் கேட்டேன். "கோச்தான் கேக்கணும். மேனேஜர் போய் உக்காருங்க" என்றார் ஸ்கோர் எழுதுகிறவர். தாளில் கோச் என்று பெயர் இருக்கிற ரகுநாதன் சார் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்த மேசையில் ஆட்டத்தை மேற்பார்க்கிற கமிஷனராக உட்கார்ந்திருந்தது நீ. ஒன்பது வருஷம் என்னோடு ஒரே அணியில் ஆடியவள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். இல்லை என்று தலையை ஆட்டினாய். அவ்வளவுதான். ஒரு பாயிண்டில் தோற்றோம்.

சரி, அதை விடு. விட முடியவில்லை, இருந்தாலும் விடு. இப்போது உன்னிடம் வேறொன்று கேட்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி புதிதாகப் பெண்கள் கூடைப்பந்து அணி தொடங்குகிறது. பயிற்சியாளர் வேலை, நிரந்தரம். அணியைத் தனியாக நடத்திய அனுபவம் மூன்று வருஷம் வேண்டும். அதற்குத் தன் கையெழுத்துள்ள ஸ்கோர் தாள்களோ, கூடைப்பந்து சங்கத்தின் சான்றோ காட்டவேண்டும். அனுபவம் என்னிடம் இருக்கிறது. கையெழுத்து ரகுநாதன் சாரிடம் இருக்கிறது. அவரும் மனுப் போட்டிருக்கிறார், அந்தத் தாள்களை வைத்தே.

நீ சங்கத்தின் இணைச் செயலாளர். 87-லிருந்து எங்கள் கிளப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது ஜெயகுமாரிதான் என்று எழுதிக் கொடு. உண்மையைத்தானே கேட்கிறேன்.

உன்
ஜெயா

*

சேலம்
12.9.1990

அன்புள்ள ஜெயாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெனிட்டாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? குளிர்ந்த தண்ணீர் கொடுக்காதே.

டைம் அவுட் விஷயத்தில் விதிப்புத்தகத்தில் இருப்பதைத்தான் செய்தேன். கொடுத்திருந்தால் எதிரணி புகார் எழுதியிருக்கும், கப்பும் போய் மானமும் போயிருக்கும். உனக்குத் தெரியாததா?

சான்றைப் பற்றி யோசித்தேன். அந்தத் தாள்களில் பாதிக்கு மேல் என் கையெழுத்தும் இருக்கிறது. கோச் ரகுநாதன் என்பதற்குக் கீழேதான் போட்டிருக்கிறேன். இன்று கோச் ஜெயகுமாரி என்று எழுதினால், அன்று போட்டது பொய்யா என்று கேட்பார்கள். நான் ஒரு பொம்பளை இந்த நாற்காலிக்கு வர என்ன பாடுபட்டேன் என்று நீ அறிவாய்.

எனக்கொன்று தோன்றுகிறது. அந்தக் கம்பெனிக்கு லேடி மேனேஜரும் தேவைப்படும். நானே பேசுகிறேன். குழந்தையும் நோஞ்சானாக இருக்கிறது. நீ தினமும் வெயிலில் நின்று தொண்டை கிழியக் கத்த வேண்டாம் பார். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

அன்புடன்
சுசீலா

*

முத்தாபுதுப்பேட்டை
17.9.1990

சுசீ,

நோஞ்சான் என்று எழுதினாயே, அந்த ஒரு வார்த்தைக்காக உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அப்புறம் பதில் எழுத வேண்டுமே என்று பொறுக்கி ஒட்டிவைத்திருக்கிறேன். என் பிள்ளையை நீ பார்த்தது இரண்டு தடவை. அவளுக்குச் சளி பிடித்தால் அது என் வேலைக்குத் தடை, ரகுநாதன் சாரின் பையனுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது அவரை யாராவது வீட்டில் இருக்கச் சொன்னீர்களா?

லேடி மேனேஜர்! அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று மறந்துவிட்டாயா, நான் சொல்லித்தான் தீரவேண்டுமா? 88 ஜனவரி. மதுரைப் போட்டி. எனக்கு ஆறு மாதம். மேசையில் என் பெயரை எழுதப் போனேன். நீ என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாய். "வயித்தைத் தள்ளிக்கிட்டு கோட்டோரம் நின்னு கத்துவியாடி? பாக்கறவங்க சிரிப்பாங்க. இந்த ஒரு தடவை ரகுநாதன் சார் பேரைப் போட்டுடு. பொண்ணுங்க டீமுக்கு எப்படியும் லேடி மேனேஜர் ஒருத்தி வேணும், நீ அதுல உக்காந்துக்க." நானும் தலையாட்டினேன். நீ சொன்னதால் ஆட்டினேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் விசிலை மூஞ்சியில் எறிந்திருப்பேன்.

ஏப்ரலில் பெனிட்டா பிறந்தாள். வயிறு இறங்கிவிட்டது. பெயர் திரும்பி வரவில்லை. அடுத்த போட்டிக்குப் போனால், "போன தடவை சார்தானே போட்டார், மாத்தினா குழப்பம்" என்றார்கள். அதற்கடுத்ததிலும் அதே. மேனேஜர் என்றால் யார்? ரயிலில் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்குகிறவள், மாதவிலக்கு வந்த பெண்ணுக்குத் துணி தேடுகிறவள், அப்பாமார்களிடம் பத்திரமாகக் கூட்டி வருவேன் என்று சத்தியம் பண்ணுகிறவள். அதையும் செய்தேன். காலை ஐந்தரைக்கு அம்பத்தூர் சிமெண்டுத் தரையில் அதே பெண்களை ஓடவிட்டு, இடது கையால் பந்து தட்டக் கற்றுக்கொடுத்து, யார் யாரை மறிக்கவேண்டும் என்று சாக்பீஸில் வரைந்ததும் நான்தான். சார் போட்டி நாளில் வருவார், சலவைச் சட்டையோடு.

விடியற்காலையில் பிள்ளையை எதிர் வீட்டு பேபியிடம் விட்டுவிட்டு ஓடுகிறேன். நேற்று அவள் சொல்கிறாள்: "இன்னாக்கா, நீ பந்தைத் தட்டிக்கினே இரு. உம் பொண்ணு என்னைத்தான் அம்மான்னு கூப்புடப் போவுது, அப்பால அழுவாத." அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆவடி ஸ்டேஷன் வரும்வரை அதுவே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. இவ்வளவையும் கொடுத்துவிட்டு வருகிறவளுக்குத்தான் நீ மேனேஜர் வேலை பேசப்போகிறாய்.

உன் நாற்காலி உனக்கு என்ன பாடுபட்டு வந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன். அதில் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஒரு வரி எழுத முடியாதென்றால், அங்கே ரகுநாதன் சாரே உட்கார்ந்திருக்கலாம்.

ஜெயா

*

சேலம்
25.9.1990

ஜெயா,

கோபத்தில் எழுதியிருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். திருச்சிப் போட்டிக்கு நான் வரவில்லை, மாமியாருக்கு உடம்பு சரியில்லை. அங்கே எதுவும் தகராறு செய்துவைக்காதே. சான்றைப் பற்றி இனி எழுதாதே, என்னால் ஆகாது.

சுசீலா

*

முத்தாபுதுப்பேட்டை
9.10.1990

சுசீலாவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். ரகுநாதன் சாரின் புகார் உன் மேசைக்கு வந்திருக்கும். அதில் இல்லாததை நான் சொல்கிறேன், இருப்பதையும் சொல்கிறேன்.

திருச்சியில் முதல் ஆட்டம். தொடங்க இருபது நிமிஷம் இருக்கும்போது மேசையில் பெயர் கேட்டார்கள். வழக்கம்போல சார் இன்னும் வரவில்லை. வழக்கமாக நான் அவர் பெயரைச் சொல்வேன், அவர் வந்து கையெழுத்துப் போடுவார். அன்று பேனாவை வாங்கி, பயிற்சியாளர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

சார் வந்தார். "என்னம்மா ஜெயா, தூக்கக் கலக்கமா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் குரல் ஏறியது. நடுவர் ஜானகிராமன் வந்து, "யாரும்மா உங்க கோச்?" என்று பெண்களைக் கேட்டார். கேப்டன் புஷ்பாவை உனக்குத் தெரியும், குமணன்சாவடிப் பெண், வாய் சும்மா இருக்காது. "இவங்கதான் சார். அவரு டீ குடிக்க வருவாரு" என்றாள். அந்தப் பக்கம் நின்ற எதிரணிப் பெண்களும் சிரித்துவிட்டார்கள். அணி எழுதிக் கொடுக்கிற பெயர்தான் செல்லும், விதி அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு ஜானகிராமன் போய்விட்டார்.

இனி என் தப்பு. கடைசி ஐந்து நிமிஷம். புஷ்பாவை இடித்துத் தள்ளினார்கள், பவுலை அவள்மேலேயே எழுதினார்கள். மூன்று வருஷமாக மேனேஜர் கத்தினால் யாருக்கும் காது கேட்காது. அந்தப் பழக்கத்தில் கத்தினேன். துண்டை எடுத்துத் தரையில் அடித்தேன். ஜானகிராமன் விசில் ஊதினார். "கோச், உக்காருங்க!" நடத்தைக்கான டெக்னிக்கல் பவுல், என் பெயருக்கு நேரே. அதற்காக எதிரணிக்குக் கொடுத்த இரண்டு ப்ரீ த்ரோவும் உள்ளே போயின. ஒரு பாயிண்டில் தோற்றோம்.

பஸ்ஸில் திரும்பினோம். விழுப்புரம் தாண்டி புஷ்பா எழுந்து வந்தாள். "அக்கா, உங்களாலதான் தோத்தோம். எங்களை வாயை மூடிக்கினு ஆடச் சொல்லிட்டு நீங்க இன்னா பண்ணீங்க?" என்றாள். அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மன்னிப்புக் கேட்டேன். சுசீ, தோற்றதற்கு இந்தப் பெண்கள் என்னைத் திட்டியது இதுதான் முதல் தடவை. சேலத்தில் தோற்றபோது எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

சார் கேட்பது என்னை ஒரு வருஷம் விலக்கிவைக்க வேண்டும் என்று, மேனேஜர் கோச்சாக நடித்தாள் என்று. நீதான் முடிவெழுத வேண்டும். ஸ்கோர் தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். நான் கோச் இல்லையென்றால் அந்த டெக்னிக்கல் பவுலை யார் மேல் போட்டார்கள்? கோச் என்றால், முந்திய மூன்று வருஷம் யார் என்று நீயே சொல்லிவிடு. தண்டனை கொடுப்பதானால் தயங்காதே, துண்டை அடித்ததற்கு எனக்கு வேண்டியதுதான். ஆனால் பயிற்சியாளருக்குக் கொடுக்கிற தண்டனையாகக் கொடு.

இன்டர்வியூ இருபத்திரண்டாம் தேதி. சான்று வந்தாலும் வராவிட்டாலும் போகிறேன். பெனிட்டாவையும் தூக்கிக்கொண்டு போகிறேன், பேபி அன்று ஊரில் இல்லை. பிள்ளையைப் பார்த்து அவர்கள் என்ன கேட்டாலும் கேட்கட்டும்.

எனக்கு உன்னிடமிருந்து வேண்டியது ஒரு வரி. மூன்று வருஷம் அந்த அணியை நடத்தியவள் இவள்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போடு. அல்லது இல்லை என்று எழுதி அதற்கும் உன் கையெழுத்தைப் போடு. தலையை மட்டும் ஆட்டாதே.

இருபதாம் தேதிக்குள் கிடைக்கிற மாதிரி சீக்கிரம் பதில் போடு.

ஜெ. ஜெயகுமாரி
பயிற்சியாளர்