பொத்தான் சிக்கிய ஞாயிறு

மார்ச் 2, ஞாயிறு

சோபாக்கடைக்காரர் இன்றும் வந்தார். வந்தார் என்றால், குரல் வந்தது. நான் வேலை பார்க்கும் விமானதளக் கட்டுப்பாட்டு டவரிலிருந்து பார்த்தால் அவருடைய மஞ்சள் வால் விமானம் கட்டைவிரல் அளவுதான். ஆளை நான் பார்த்ததே இல்லை. சோபாக்கடை வைத்திருக்கிறார் என்பதே விமானப் பயிற்சிப் பள்ளி மாஸ்டர் சொல்லித்தான் தெரியும். நான் "தரையிறங்க அனுமதி" என்றால் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் விதி. மனிதர் அதையே மேடையில் பரிசு வாங்கியவர் மாதிரி சொல்வார். அந்தக் குரலுக்கு ஒரு மீசை, தொப்பை, கையில் மோதிரம் எல்லாம் நானே போட்டு வைத்திருக்கிறேன்.

அக்காவிடம் சொன்னால், "உனக்கு வேற வேலையே இல்லையாடி?" என்கிறாள். வேலையே அதுதானே? முகம் தெரியாதவர்களோடு பேசுவது.

மார்ச் 5, புதன்

பனிமூட்டம். யாரும் பறக்கவில்லை. பைனாகுலரைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு



வானத்தில் இரண்டே விமானங்கள். சோபாக்கடைக்காரர் ஒன்று, மாணவனோடு மாஸ்டர் இன்னொன்று. திடீரென்று ஸ்பீக்கரில் இஞ்சின் இரைச்சல். நிற்கவே இல்லை. யாருடைய மைக் பொத்தானோ அமுங்கிச் சிக்கிக்கொண்டது. ஒரு பொத்தான் சிக்கினால் போதும், அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேச முடியாது. நானும்தான். எல்லோரும் கேட்கலாம், அவ்வளவே.

இரைச்சலுக்குள் ஒரு பெண் குரல். "என்னங்க, ஏன் தலையத் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க?"

சோபாக்கடைக்காரர் சிரித்தார். "ரெண்டு கண்ணுலயும் நடுவுல ஒரு கருப்பு. அதுக்குள்ள போறது எல்லாம் காணாமப் போயிடுது. அதான் சாய்ச்சுப் பாக்கறேன்."

"லைசென்ஸ் டாக்டர் எப்படி விட்டாரு?"

"அவர் போர்டுல இருக்கற எழுத்தை மனப்பாடம் பண்ணிட்டேன்ல!"

பிறகு அந்த அம்மா சொன்னது காதை விட்டுப் போகவில்லை. "அப்ப என்னையும் தெரிஞ்சேதான் ஏத்திட்டு வந்தீங்களா?"

மாஸ்டரின் விமானம் இறங்க வந்துகொண்டிருந்தது. கூரையில் தொங்கும் சிக்னல் விளக்கை இழுத்துப் பச்சை காட்டினேன். பார்த்துவிட்டேன் என்று அவர் சிறகை ஆட்டிவிட்டு இறங்கினார். பின்னாலேயே மஞ்சள் வாலும் ரன்வேயைப் பார்த்துத் திரும்பிவிட்டது! மாஸ்டர் இன்னும் ரன்வேயை விட்டு வெளியேறவில்லை. சிவப்பு காட்டினேன். வந்துகொண்டே இருக்கிறார். ஐயோ, பாருய்யா, பாரு என்று கத்துகிறேன், யாருக்குக் கேட்கும்?

"அதோ, டவர்ல ஏதோ சிவப்பா தெரியுது."

"எங்க?"

"நேராத்தாங்க! அதோ!"

மஞ்சள் வால் மேலே ஏறியது. "அடக் கடவுளே, பொத்தான்!" என்ற குரலோடு இரைச்சல் நின்றது.

மார்ச் 10, திங்கள்

பதிவேட்டில் எழுதியது: மைக் சிக்கியது, விளக்கு பயன்படுத்தப்பட்டது. பொய் ஒன்றும் இல்லை. முழுசும் இல்லை.

மாஸ்டரைக் கேட்டேன். "உங்க காதிலும் விழுந்திருக்குமே?" "மாணவனுக்குப் பாடம் எடுத்துட்டிருந்தேன்" என்று நழுவிவிட்டார். பேச்சு எல்லாம் டேப்பில் இருக்கிறது. ஆனால் யாராவது புகார் எழுதினால்தான் அதைப் போட்டுக் கேட்பார்கள். எழுத வேண்டிய ஆள் நான் ஒருத்திதான்.

எழுதினால் அந்த மனிதர் இனிப் பறக்க முடியாது. எழுதாவிட்டால்?

மார்ச் 12, புதன்

போய்விட்டேன், சோபாக்கடைக்கு. எச்சரிக்கத்தான் போனேன் என்று எழுதலாம். ஆளைப் பார்க்கும் ஆசையும் இருந்தது, மறைப்பானேன்.

மீசை இல்லை. தொப்பை இல்லை. ஒடிசலான மனிதர், வாயில் நூலைக் கடித்துக்கொண்டு ஒரு குஷனைத் தைத்துக்கொண்டிருந்தார். "வாங்க, மூணு பேர் உக்கார்றதா, ரெண்டு பேரா?" என்றார். நான் வாயைத் திறந்ததுமே எழுந்து நின்றுவிட்டார். "டவரா! இது டவர் குரலாச்சே!"

அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தபின் எப்படிச் சொல்வது? சொன்னேன். "அன்னைக்கு நீங்க பேசினது எல்லாம் கேட்டுச்சு."

"எல்லாம்னா?"

"போர்டு வரைக்கும்."

முகம் செத்துவிட்டது. லைசென்ஸ் டாக்டரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், வெள்ளிவரை பொறுக்கிறேன் என்றேன். முதலில் கெஞ்சினார். "வாழ்க்கை முழுக்கக் கடன், கடை, பிள்ளைங்க. எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதாம்மா." பிறகு கோபம். "புருஷன் பொண்டாட்டி பேசறதை ஒட்டுக் கேட்டுட்டு நியாயம் பேச வந்துட்டீங்களா?"

சுருக்கென்றது. நானா ஒட்டுக் கேட்டேன்?

கல்லாவில் இருந்த அவர் மனைவி வாசல்வரை வந்தார். "எழுதிடுங்க" என்றார் மெதுவாக. "நான் சொன்னா எடுபடாது."

மார்ச் 14, வெள்ளி

அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

எழுதி அனுப்பிவிட்டேன். போட்டுக் கொடுத்துவிட்டேனே என்று மனசு குத்துகிறது. அக்காவிடம் புலம்பினேன். "விட்டிருந்தா, அவர் யார் மேலயாவது போய் மோதினா நீ தூங்குவியா? வந்து சாப்பிடு."

சாப்பிட்டேன். தூக்கம் மட்டும் வரவில்லை.

மார்ச் 21, வெள்ளி

வேறு போர்டு வைத்துப் பார்த்தார்களாம். லைசென்ஸ் போயிற்று.

மார்ச் 30, ஞாயிறு

காலையிலிருந்து ஐந்தாறு பேர் பேசினார்கள். எல்லாம் சரியாகவே திருப்பிச் சொன்னார்கள். கேட்கவே அலுப்பாக இருந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

மதியம் ஸ்பீக்கரில் அந்தக் குரல். தூக்கிவாரிப் போட்டது. பைனாகுலரை எடுத்தால், மஞ்சள் வால்! லைசென்ஸ் இல்லாமல் கிளம்பிவிட்டாரா இந்த மனுஷன்?

"ஓட்டுவது யார்?" என்று கேட்டேன். அப்படிக் கேட்கும் முறையே கிடையாது.

"மாஸ்டர் ஓட்டறாரு. வாயை மட்டும் எனக்கு விட்டுக் குடுத்திருக்காரு."

கோபம் இருக்கிறதா என்று குரலில் தேடினேன். தெரியவில்லை. இருந்தால் இருக்கட்டும், நியாயம்தான்.

இறங்க வரச் சொன்னேன். திருப்பிச் சொன்னார். பொத்தானை விட்டார். மறுபடி அழுத்தினார். பயிற்சிப் பள்ளி விமானங்கள் மூன்று தரையில் நின்றபடி அதே அலைவரிசையில் கேட்டுக்கொண்டிருந்தன. கொஞ்சமும் குரலைத் தாழ்த்தாமல் கேட்டார்:

"டவர், எதிர்ல யாராவது வர்றாங்களா? எனக்குக் கண்ணு தெரியல. நீங்க பாத்துச் சொல்லுங்க."

எழுந்து நின்று கண்ணாடி வழியே நான்கு பக்கமும் பார்த்தேன். இன்னொரு முறையும் பார்த்தேன். யாரும் இல்லை, வாங்க என்றேன்.