தாய்மாமன் தங்கம்

சேத்தூர்,
8.6.2025, ஞாயிறு

அன்புத் தம்பி விஜயபாண்டிக்கு,

அக்கா பாண்டிசெல்வி எழுதுவது. சுகமாக இருக்கிறாயா என்று முதல் வரியில் எல்லோரும் கேட்பார்கள், படிக்கிறவனும் அதைத் தாண்டிப் போய்விடுவான். நீ தாண்டாதே. உண்மையாகவே கேட்கிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

ஒன்பது நாளாக உன் போன் அணைந்து கிடக்கிறது. தங்கக் குழிப் பக்கம் டவர் கிடைக்காது, மேட்டில் ஏறினால்தான் பேச முடியும் என்று நீ சொன்னது தெரியும். ஆனால் வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஏறுவாயே. கிடைத்தாலும் தங்கம் என்ற வார்த்தையை எடுத்தவுடன் வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். ராம்குமாருக்கு லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கிளம்புகிறான். மில்லில் டூட்டிக்குச் சேருவதற்கு முன்னால் உன் குழிக்கு வந்து இதை உன் கையிலேயே கொடுக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நீயும் அவனும் ஒரே விமானத்தில்தான் தான்சானியாவுக்குப் போனீர்கள். ராஜபாளையத்தில் பார்த்த அதே பஞ்சு மிஷின் வேலை, சம்பளம் மட்டும் மூன்று மடங்கு என்றாய். அவன் இன்னும் முவான்சா மில்லில் பிட்டராகவே இருக்கிறான். நீதான் எட்டு மாதத்துக்கு முன்னால் மில்லை விட்டுவிட்டு அந்த ஊர்க்காரன் மசலூவோடு சேர்ந்து தங்கத்துக்கு மண் தோண்டப் போனாய். வெளிநாட்டுக்காரனுக்குச் சின்னக் குழி தோண்ட லைசென்ஸ் கிடையாது, லைசென்ஸ் மசலூ பேரில், மிஷினும் மூளையும் என்னுடையது என்று பெருமையாகச் சொன்னாய். விசா மில்லோடு போய்விட்டது என்பதை மட்டும் மெல்லச் சொன்னாய். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றாய். நானும் விடவில்லை. அம்மா இன்னும் நீ மில்லில்தான் இருக்கிறாய் என்று நினைக்கிறாள். உன் மச்சானிடமும் சொல்லவில்லை. போலீஸ்காரரிடம் சொல்லி வைப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ராம்குமார் தைல டப்பாவில் வைத்துக் கொண்டுவந்த தங்கம் வந்து சேர்ந்தது. அதோடு நீ எழுதிய துண்டுச் சீட்டும் வந்தது. கடைத் தங்கத்தை என் மருமகளுக்குப் போட மாட்டேன், விஜி காதில் அவள் மாமன் கையால் எடுத்த தங்கம்தான் ஏற வேண்டும் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு அழுதேன். காதுகுத்துக்குத் தாய்மாமன் தோடு கொண்டுவருவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். தோட்டுக்குரிய தங்கத்தைப் பூமியிலிருந்து தோண்டி அனுப்பியவன் நம் வகையறாவில் நீ ஒருவன்தான். ஆனி மாதம் அய்யனார் கோவிலில் குத்துவது என்று பேசி வைத்திருந்தோம்.

போன திங்கட்கிழமை அதை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோய் ராக்கப்பன் ஆசாரியிடம் கொடுத்தேன். என் கல்யாணத் தாலியும் அவர் செய்ததுதான். கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்க உள்ள தங்கம் தாயி, மேல வெள்ளை பூத்துக் கிடக்கே என்று கேட்டார். மாமியாரின் பழைய நகையை யாரோ உருக்கி வைத்த கட்டி என்று சொல்லிவிட்டேன். வாய் கூசவில்லை. செவ்வாய் சாயங்காலம் அவரே போன் செய்து, உருக்குனதுல ஒரு கிராமுக்கு மேல குறையுதே, நெசமாவே நகைக்கட்டிதானா என்று கேட்டார். ஆமாம் என்று இரண்டாம் தடவையும் சொன்னேன்.

அவர் பட்டறை உனக்குத் தெரியும். ஒரு ஆள் கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். தூசித் தங்கம் பறந்துவிடும் என்று வேலை நேரத்தில் ஜன்னலையும் சாத்தி, விசிறியையும் நிறுத்திவிடுவார். அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்து ஊதுகுழலில் ஊதி உருக்கியிருக்கிறார். ராத்திரிக்குள் இருமல், காய்ச்சல், மூச்சு இழுப்பு. வியாழக்கிழமை மதுரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நெஞ்சுச் சளி என்று வைத்தியம் நடக்கிறது, முகமூடி வைத்து ஆக்சிஜன்.

இன்று காலையில் பார்க்கப் போனேன். அவர் வீட்டுக்காரி ஆவுடையம்மாள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தது. பட்டறைய விட்டு எந்திரிச்சு வரும்போதே, வாயெல்லாம் செப்புக் காசைச் சப்புன மாதிரி இருக்குன்னு சொன்னாவ என்றது.

விஜயபாண்டி, அதே வார்த்தையைத்தான் சித்திரை மாதம் நீ எனக்கு வாய்ஸ் மெசேஜில் அனுப்பியிருந்தாய். வாய் காசைச் சப்பின மாதிரி இருக்கு, சோறு ருசிக்கல, மலேரியா மாத்திரை செய்யுற வேலை என்று. பஸ்ஸில் வரும்போது நாலு தடவை போட்டுக் கேட்டேன். சேத்தூர் தாண்டிப் போய் இறங்கித் திரும்பி நடந்தேன்.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.


10.6.2025, செவ்வாய்

சொல்லிவிட்டேன். நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

நேற்று பேண்டேஜ் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு மதுரைக்குப் போனேன். டாக்டரம்மா சின்ன வயசுதான். அது நகைக்கட்டி இல்லை, வெளிநாட்டில் மண்ணிலிருந்து எடுத்தது, என் தம்பி எடுத்தது என்று ஆவுடையம்மாளை வைத்துக்கொண்டே சொன்னேன். அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பாதரசம் போட்டு எடுத்ததா என்று ஒரே கேள்விதான் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? நீ அனுப்பிய படத்தைக் காட்டினேன். பங்குனியில் அனுப்பினாயே, கரி அடுப்பில் வாணலி, பக்கத்தில் நீ சிரித்துக்கொண்டு நிற்கிறாய், மசலூவின் மூன்று பிள்ளைகளும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஏதோ கறி வறுக்கிறாய் என்று நினைத்துக் கம்பெனியில் எல்லோருக்கும் காட்டிச் சிரித்தேன்.

டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். அப்புறம் நெருப்பில் வைத்தால் பாதரசம் ஆவியாகப் போய் தங்கம் நிற்குமாம். அந்த ஆவி கண்ணுக்குத் தெரியாது, மணம் கிடையாது. போகாமல் கட்டிக்குள் மிச்சம் இருந்ததுதான் ஆசாரி ஊதும்போது அந்தப் பொட்டு அறையில் அவ்வளவும் கிளம்பி அவர் நெஞ்சுக்குள் போயிருக்கிறது. உடனே ரத்தமும் மூத்திரமும் எடுத்தார்கள். வைத்தியத்தை மாற்றினார்கள். ஐந்து நாள் வீணாகப் போனது என்னால்தான்.

ஆவுடையம்மாள் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அடிக்கவில்லை. மண்ணுல எடுத்ததுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவிய முற்றத்துல வச்சுல்ல உருக்கியிருப்பாவ என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டது. எந்தத் தங்கத்தை எங்கே வைத்து உருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான்தான் அவரைத் தெரியவிடாமல் செய்துவிட்டேன்.

இன்று அவர் முகமூடியை எடுத்துவிட்டுச் செத்த நேரம் பேசினார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். நான் ஒருநாள் ஊதுனதுக்கே இந்தப் பாடு தாயி, உன் தம்பி எம்புட்டு நாளா ஊதுறான் என்று கேட்டார். அதற்கு மேல் இருமல் விடவில்லை.

எம்புட்டு நாளாகடா ஊதுகிறாய்?

வெளியே வந்து டாக்டரம்மாவிடம், நாள்பட்டு மூச்சில் போனால் என்ன செய்யும் என்று கேட்டேன். கை நடுங்கும் என்றார். நீ அனுப்பிய துண்டுச் சீட்டு என் பையிலேயே இருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஐடிஐயில் படம் போட்டு மார்க் வாங்கினவன் கை அது. கொம்பும் சுழியும் எறும்பு ஊர்ந்த மாதிரி கிடக்கிறது. லாரியில் உட்கார்ந்து எழுதினேன் என்று அடியில் நீயே போட்டிருக்கிறாய். நான் கேட்கவே இல்லையே, நீயாக எதற்குச் சொன்னாய்? ஈறில் ரத்தம் வரும் என்றார். வருகிறது என்று நீ சொல்லியிருக்கிறாய். தூக்கம் போகும், சுள்ளென்று கோபம் வரும் என்றார். சித்திரை ஒன்றாம் தேதி வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்ட அம்மாவை நீ கத்தின கத்தலில் அவள் ஒரு வாரம் போனைத் தொடவில்லை. வெளிநாடு போனதும் திமிர் ஏறிவிட்டது என்று நான்கூட உன்னைத் திட்டினேன். அது நோய் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. போன வருஷம் பேண்டேஜ் துணி வேண்டும் என்று கேட்டாய். குழியில் அடிபட்டால் கட்டுவதற்கு என்று நினைத்து எங்கள் கம்பெனியிலிருந்தே வாங்கிப் பத்து ரோல் அனுப்பி வைத்தேன். இரண்டாம் தடவையும் கேட்டாய், அனுப்பினேன். அவ்வளவு துணிக்கு எவ்வளவு காயமோ என்று தவித்துக்கொண்டிருந்தேன். ராம்குமாரைப் பிடித்து உலுக்கினதில் நேற்றுத்தான் சொன்னான். அந்தத் துணியை நாலு மடிப்பாக மடித்து, பாதரசக் கலவையை அதில் வைத்து, வெறும் கையால்தான் பிழிகிறாயாம். காயத்துக்கு என்று நான் அனுப்பியது அந்த வேலைக்குப் போயிருக்கிறது.


12.6.2025, வியாழன்

நாளை ராம்குமார் போகிறான். இன்றைக்கே முடித்துவிட வேண்டும்.

உன் போன் இன்னும் வரவில்லை. பதின்மூன்று நாள் ஆகிறது. ராம்குமார் மில்லுக்குப் பேசிப் பார்த்தான், அங்கேயும் யாருக்கும் தெரியவில்லை. குழி சரிந்திருக்குமோ, பிடித்துக்கொண்டு போயிருப்பார்களோ, குடிசையில் காய்ச்சலோடு கிடக்கிறாயோ என்று மாறி மாறி வருகிறது. பக்கத்துக் குழியில் வேற்று நாட்டுக்காரர் இருவரைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், நான் பகல் முழுக்கச் சோளக் காட்டில் படுத்துக் கிடந்தேன் என்று தை மாதம் நீ சொன்னாய். அன்றிலிருந்து உன்னை யாரும் பிடித்துவிடக் கூடாது என்று அய்யனாரிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமையிலிருந்து மாற்றி வேண்டுகிறேன். யாராவது உன்னைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். விசா இல்லை என்று சத்தம் போட்டு விமானத்தில் ஏற்றிவிட வேண்டும். கூடப் பிறந்தவனைப் போலீஸ் பிடிக்கட்டும் என்று எந்த அக்காவாவது வேண்டியிருப்பாளா?

உன் மச்சானிடமும் சொல்லிவிட்டேன். எட்டு மாதமாக மறைத்ததற்கு ஆடித் தீர்த்துவிடுவார் என்று பயந்தேன். யூனிபார்ம் சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்த வாணலிப் படத்தை வாங்கிப் பார்த்தார். பொறவு, அங்க என்ன கேஸ் போட்டாலும் போடட்டும், வெளிய எடுத்துருவோம். நெஞ்சுக்குள்ள போனத யாரு எடுப்பா என்றார். விசாரித்தும் வந்தார். நம் தூதரகத்தில் போய் நின்று உள்ளதைச் சொன்னால் ஊருக்கு அனுப்ப வழி செய்வார்களாம். அபராதம் விழும், திரும்பப் போக முடியாது. அதனால் நமக்கென்ன?

ஆகையால் அக்கா சொல்வதைக் கேள். இதைப் படித்து முடித்ததும் அந்த வாணலியைத் தொடாதே. மிஷினை மசலூவிடம் விட்டுவிடு. அவனிடமும் விஷயத்தைச் சொல். அந்தப் பிள்ளைகளை அடுப்புப் பக்கம் விட வேண்டாம், அதே அடுப்பில் சமைக்க வேண்டாம் என்று சொல். ராம்குமாரோடு அன்றைக்கே கிளம்பி முவான்சா ஆஸ்பத்திரிக்குப் போ. போய் மலேரியா என்று சொல்லாதே. மெர்க்குரி என்று சொல். எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்டால் மில் என்று சொல்லாதே. லைசென்ஸுக்கும் விசாவுக்கும் பயந்து உண்மையை மறைத்தால் என்ன ஆகும் என்று இங்கே ஒருவரைப் படுக்கையில் போட்டு நான் பார்த்துவிட்டேன். நேற்று அவருக்கு ஆக்சிஜனைக் குறைத்திருக்கிறார்கள். பழையபடி பட்டறையில் உட்கார முடியுமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்கிறார்கள்.

அந்தத் தங்கம் பட்டறைப் பெட்டியிலேயே இருக்கிறது. உருக்கிய கட்டியில் ஒன்றும் இருக்காது, பயப்பட வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. ஆவுடையம்மாளிடமே வைத்தியச் செலவுக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அது இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனி மாதக் காதுகுத்தை நிறுத்தியாகிவிட்டது. சமையல்காரர், பந்தல்காரர் எல்லோரும் ஏன் என்று கேட்கிறார்கள். தாய்மாமன் வரட்டும் என்று மட்டும் சொல்கிறேன். விஜி கண்ணாடி முன்னால் நின்று காது மடலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மாமா எப்ப வருவாக என்று கேட்கிறாள்.

அம்மா எதிரில் உட்கார்ந்து, அப்படி என்னத்தட்டி பக்கம் பக்கமா எழுதுத என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஊர்க்கதை என்று சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கையக் கழுவிட்டுச் சாப்பிடச் சொல்லு, அது போதும் என்றாள். உனக்கு ஐந்து வயசிலிருந்து அவள் சொல்வதுதான். இந்த முறை சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள், அப்புறம் வெளியே வரவில்லை. அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி, தோடு கொண்டுவராதே. சீர் கொண்டுவராதே. வெறுங்கையோடு வந்தான் என்று எவராவது வாய் திறந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளையை உட்கார்த்த உன் மடி வேண்டும். கை நடுங்குகிறதே, குத்தும்போது அசையாமல் பிடிக்க முடியாதே என்று அதை ஒரு சாக்காக வைத்து அங்கேயே இருந்துவிடாதே. நீ வந்து உட்கார்ந்தால் போதும். அவள் தலையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

அய்யனார் உன்னை எங்கள் கண்ணில் காட்டட்டும்.

உன் வரவையே பார்த்திருக்கும்,
அக்கா பாண்டிசெல்வி