பாப்பா தூங்கினால் உங்கள் புராசஸர்

ஏங்க,

சாப்பாட்டை அடுப்பு மேலேயே மூடி வைத்திருக்கிறேன். பாப்பாவின் கஞ்சியை மட்டும் லேசாகச் சுடவைத்துக் கொடுங்கள்.

நான் புதுக் கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்புகிறேன். "வீடியோ எடிட் பண்றவளுக்கு வேகம்தானே முக்கியம், சத்தத்த எதுக்குப் பாக்கணும்?" என்று நேற்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இது.

போன வாரமே கடைக்காரர் நீங்கள் சொல்வது, நான் சொல்வது என இரண்டு புராசஸரிலும் நான் எடிட் பண்ணிய வீடியோவைத் தயாராக்கிக் காட்டினார். நீங்கள் சொல்வது நாலு நிமிடம் முன்னால் முடித்தது. வேகம் அதுதான், ஒத்துக்கொள்கிறேன். நான் சொல்வது விலை குறைவு, அவ்வளவு சூடாகாது, அதனால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஃபேன் கத்தாது. உங்களுடையது கத்தினால் பாப்பா எழுந்துவிடுவாள். நாலு நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய், அவள் தூங்கும்போது நான் வேலை பார்க்கும் மதியமே போய்விடும். நீங்கள் காட்டிய ஒப்பீட்டு அட்டவணையில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

நம்பாவிட்டால் நீங்களே பாருங்கள். உள் அறையில் நீங்கள் வைத்திருக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருப்பது நீங்கள் பரிந்து பேசும் அதே புராசஸர்தான். அதில் என் வீடியோவை ஓடவிட்டிருக்கிறேன், நிறுத்தாதீர்கள். கஞ்சி குடித்ததும் பாப்பாவை அதே அறையில் தூங்க வையுங்கள். தூங்கிவிட்டாள் என்றால் கடைக்கு ஃபோன் பண்ணுங்கள். மறுபேச்சில்லாமல் உங்களுடையதையே வாங்கி வருகிறேன்.

சாவி கதவுப் பக்கத்து ஆணியில் இருக்கிறது. கோபம் இன்னும் தீரவில்லை, இருந்தாலும் ஃபிளாஸ்க்கில் காபி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. அவள் எழுந்துவிட்டால் ஃபோன் பண்ண வேண்டாம். உங்களுக்குக் கை ஒழியாது. ஃபோன் வராததை வைத்தே நான் தெரிந்துகொள்கிறேன்.