நீங்கள் பாலத்தில் நடந்த இரவில்

இளைய இளவரசி அவர்களுக்கு,

அரண்மனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் ஒருத்தி வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் நலமாக இருப்பது பத்திரிகைப் படத்தில் தெரிந்தது. கடல் கடந்த குளிர் உங்களுக்கு ஒத்துக்கொண்டிருக்கிறது. கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது. படத்துக்குக் கீழே கல்லூரியின் பெயரும் இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதத்துக்கு ஒரு முகவரி கிடைத்தது.

உங்கள் பேட்டியை எங்கள் கூடத்தில் ஒருத்தி சத்தமாக வாசித்தாள். ஆற்றுப் பாலம் திறந்த இரவில் நீங்களும் உங்கள் அக்காவும் தோட்டச் சுவர் ஏறிக் குதித்து, விடியும்வரை ஊரோடு ஊராகச் சுற்றியதாகச் சொல்லியிருந்தீர்கள். கடலைப் பொட்டலம் வாங்கித் தின்றீர்கள். முன்பின் தெரியாத கொத்தனாரோடு கைகோத்து ஆடினீர்கள். மூட்டை தூக்குகிறவர் ஒருவர், "ஏம்மா, நடுவழியில நின்னு கனவு காணுறியா, தள்ளு" என்று அதட்டினாராம். பிறந்ததிலிருந்து யாரும் உங்களிடம் அப்படிப் பேசியதே இல்லையாம். அதை நினைத்துப் பாலம் முழுக்கச் சிரித்துக்கொண்டே நடந்தீர்களாம். கொதிகலனைப் பார்த்துக்கொள்கிறவள், "நம்மகிட்ட காலையில ஆறு மணிக்கே அப்படித்தான் பேசுறாங்க, நாம ஏண்டி சிரிக்கறதில்ல" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

நீங்கள் சுவர் ஏறவில்லை. அந்தச் சுவர் இரண்டு ஆள் உயரம், மேலே கண்ணாடிச் சில்லு. நீங்கள் இருவரும் சலவைக்கூடத்தின் பின்வாசல் வழியாக, எங்கள் மேலங்கியும் தலைத்துணியும் போட்டுக்கொண்டு, என் பித்தளை வில்லையையும் என் தங்கச்சியின் வில்லையையும் நீட்டிவிட்டுப் போனீர்கள். அந்தக் காவலாளி முகத்தைப் பார்ப்பதில்லை, வில்லையைத்தான் எண்ணுவார். காலையில் முப்பது உள்ளே வந்தால் மாலையில் முப்பது வெளியே போக வேண்டும். நீங்கள் இரண்டு பேர் போவதற்காக நாங்கள் இரண்டு பேர் உள்ளே அடைந்து கிடந்தோம்.

முந்தின நாள் நீங்களே கீழே இறங்கி வந்து கேட்டீர்கள். நான் முடியாது என்றேன். என் தங்கச்சிதான் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், "பாவம்க்கா, அதுங்களும் பொண்ணுங்கதானே, ஒரு ராத்திரி காத்தாடிட்டு வரட்டும்" என்றாள். உங்களைப் பார்த்துப் பாவம் என்று நினைத்தவள் இந்த ஊரிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அன்றிரவு வெளியே நடந்ததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் படுக்கையில் அவள் படுத்தாள். நடுக்கதவுக்கு அந்தப் பக்கம், உங்கள் அக்காவின் படுக்கையில் நான். ஒன்பது வருடமாக நான் தேய்த்துக் கொடுக்கும் விரிப்பில் அன்றைக்குத்தான் முதுகு பட்டது. தூக்கம் வரவில்லை. பிள்ளைகள் இரண்டையும் பக்கத்து வீட்டில் விட்டிருந்தேன். பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் மேற்பார்வைக்காரம்மா விளக்கோடு வந்து பார்ப்பார் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். பத்து மணிக்கு வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு மணிக்கு அவர் உள்ளே வந்த நேரம் பார்த்து என் தங்கச்சிக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. சலவைச் சோடாவின் ஆவி பிடித்த இருமல். எங்களில் பாதிப் பேருக்கு உண்டு. இளவரசிகளுக்கு அந்த இருமல் வராது. அவள் தலையணையின் மூலையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். நடுக்கதவு பாதி திறந்திருந்தது, போர்வை குலுங்குவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. மேற்பார்வைக்காரம்மா விளக்கைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார். நான் எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். "அழறீங்களாம்மா" என்று கேட்டார். போர்வைக்குள் அவள் தலை ஆடியது. அவர் போர்வையின் மேலேயே அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். அரண்மனையில் என் தங்கச்சியின் தலையை ஒருவர் தடவிக் கொடுத்தது அந்த ஒரு முறைதான்.

ஐந்தரைக்குக் காலை ஆட்களோடு நீங்கள் வந்துவிட்டீர்கள். உடம்பெல்லாம் புகை வாசனை, தங்கச்சியின் செருப்பில் ஒன்றைக் காணோம். மேலங்கிகளைக் கழற்றிக் கொடுத்தீர்கள். உங்கள் அக்கா படுக்கையில் புகுந்துகொண்டார். நீங்கள் முகம் கழுவப் போனீர்கள். நான் கொண்டு போவதற்காக அக்கா அறையில் அழுக்குத் துணிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி உங்கள் அறையில் மேலங்கியை மாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடம் கிடைத்திருந்தால் போதும். இரவு அழுத பெண்ணைப் பார்க்கலாம் என்று மேற்பார்வைக்காரம்மா சீக்கிரமே வந்துவிட்டார். தங்கச்சி அலமாரிக்குள் நுழைந்துகொண்டாள்.

அவரும் திரும்பித்தான் போயிருப்பார். ஆனால் படுக்கையைப் பார்த்தார். விரிப்பு சுருக்கமில்லாமல் நான்கு மூலையும் செருகியிருந்தது. போர்வை மூன்றாக மடித்துக் கால்மாட்டில் இருந்தது. எழுந்தவுடன் என் தங்கச்சி கையோடு படுக்கையை ஒழுங்குபண்ணியிருக்கிறாள். வேண்டுமென்று செய்யவில்லை, எழுந்தால் மடிக்க வேண்டும் என்பது அவள் கைக்குத் தெரியும், அவ்வளவுதான். உங்கள் கை ஒரு நாளும் அதைச் செய்ததில்லை என்பது மேற்பார்வைக்காரம்மாவுக்குத் தெரியும். "இங்க யாரு படுத்தது" என்று கேட்டுக்கொண்டே அலமாரியைத் திறந்தார்.

பிறகு நடந்ததற்கு நீங்களும் சாட்சி. துண்டோடு வந்து நின்றீர்கள். இவளைத் தெரியுமா என்று உங்களிடம் கேட்டார்கள். தெரியும் என்றும் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்தீர்கள்.

மூன்று மாதமாக அவள் சிறையில் இருக்கிறாள். அரண்மனைக்குள் ஒளிந்திருந்தது என்று முதலில் சின்ன வழக்காகத்தான் போட்டார்கள். உங்கள் பேட்டி வந்த பிறகு அரண்மனை வக்கீல் அதையே எடுத்து நீட்டுகிறார்: இளவரசிகள் சுவர் ஏறிப் போனார்கள், அறை காலி என்று தெரிந்து இவள் திருட நுழைந்தாள், இவள் வில்லையை வெளியே கொண்டுபோன கூட்டாளி யார் என்று கேட்கிறார். ஐந்து வருடம் கிடைக்குமாம். தலையைத் தடவியதை மேற்பார்வைக்காரம்மா மறந்துவிட்டார். நினைவிருப்பதாகச் சொன்னால் அவர் வேலை போய்விடும்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவளை இழுத்துக்கொண்டு போகும்போது நடுக்கதவின் இடுக்கில் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "நான் ஒருத்திதான் வந்தேன், வேற யாருமில்ல" என்று கத்தினாள். அவர்களுக்குச் சொன்னதில்லை அது, எனக்குச் சொன்னது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று சொன்னது. நான் துணி வண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அன்று காலை வாய் திறக்காதவர்கள் இரண்டு பேர். உங்களைத் திட்டி நான்கு முறை எழுதிக் கிழித்ததற்குக் காரணம் அதுதான்.

அடுத்த மாதம் இருபத்து மூன்றாம் தேதி விசாரணை. அன்று எழுந்து நின்று உண்மையைச் சொல்லப்போகிறேன். எங்கள் வக்கீல் சின்னப் பையன், ஆனாலும் நேர்மையாகப் பேசுகிறார். "நீங்க மட்டும் சொன்னா ரெண்டு பேரும் உள்ள போவீங்க. அவங்க ஒரு வரி எழுதினா ரெண்டு பேரும் வெளிய வருவீங்க" என்றார். "வில்லைகளை நாங்கள்தான் கேட்டு வாங்கினோம்" என்று எழுதுங்கள். அந்த ஒரு வரியும் கீழே உங்கள் கையெழுத்தும் போதும். பணம் வேண்டாம், வேலை வேண்டாம். அந்த இரவு நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள், ஆயிரம் முறை சொல்லுங்கள். அதற்கு வழி விட்டது யார் என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள்.

தபால் போய்ச் சேரப் பதினொரு நாள் ஆகுமாம், வரவும் அவ்வளவு. கணக்குப் பார்த்தால் நீங்கள் யோசிப்பதற்கு நான்கு நாள் இருக்கிறது.

உங்கள் அக்காவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது நீங்கள் இருவரும் ஒரே அறையில், ஒரே கட்டிலில், விடிய விடியப் பேசிக்கொண்டிருங்கள். நடுவில் கம்பி இல்லாமல், நேரம் முடிந்தது என்று யாரும் வந்து சொல்லாமல், கடைசிவரை அப்படியே இருங்கள். சாமியிடம் உங்களுக்கும் சேர்த்துத்தான் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
பதிலுக்காகக் காத்திருக்கும்
ஓர் அக்கா.