முட்டுப் பள்ளத்தாக்கில் புகை

அன்புள்ள ரிஸ்தென் அண்ணிக்கு,

எல்லென் எழுதுகிறேன். நாங்கள் மூவரும் நலம். மூவரும் என்று எழுத முடிகிறதே, அதற்கு உங்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் “சரி சரி, குழந்தைய பாரு” என்று வைத்துவிடுவீர்கள். பீரெத் இப்போதுதான் தூங்கினாள். நான்தான் எழுந்து எழுந்து போய் அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.

போன சனிக்கிழமை உங்கள் தம்பி ஹெய்க்கா பனிமான் மந்தையோடு கணவாய்க்கு அந்தப் பக்கம் இருந்தார். குழந்தையின் முகமே மறந்துவிடும் போலிருக்கிறது என்று போனில் புலம்பினார். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பீரெத்தைத் தோலில் சுருட்டிச் சறுக்குவண்டியில் கட்டி, பனிவண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஏரியைத் தாண்டியதுமே கிழட்டுத்தோள் மலை மேகத்தொப்பி போட்டுக்கொண்டது. அது புயலுக்கு அறிகுறி என்று தெரிந்தும் திரும்பவில்லை. பாதி வழி வந்தாயிற்றே என்ற பேராசை.

பிறகு அடித்த புயலில் வண்டியின் மூக்குகூடத் தெரியவில்லை. பனிமான்களின் தடம் ஒன்று கண்ணில் பட்டது. மந்தை இருக்கிற இடத்துக்குத்தான் போகும் என்று அதன் பின்னாலேயே போனேன். காற்று அடித்தால் அவை காற்றை எதிர்த்து மேலே ஏறும் என்று நம் வீட்டில் யாருக்குத் தெரியாது? பயத்தில் மறந்துபோயிற்று. கணவாய்க்குப் போகும் பள்ளத்தாக்கும் முட்டுப் பள்ளத்தாக்கும் வாயில் ஒரே மாதிரிதானே இருக்கும். பனிப்பாறைச் சுவர் எதிரில் வந்து நின்றபோதுதான் எதற்குள் நுழைந்திருக்கிறேன் என்று புரிந்தது. மூன்று பக்கமும் மலை. பெட்ரோல் தீரும் நிலை, போனில் சிக்னலும் இல்லை. அதுவரை அழுதுகொண்டிருந்த பீரெத் அழுகையை நிறுத்திவிட்டாள். அண்ணி, அந்த அமைதியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

அப்போதுதான் உங்கள் குடில் ஞாபகம் வந்தது. ஈனும் மான்களுக்கு மலையே வேலி என்று வசந்தம்தோறும் நீங்கள் போய்த் தங்குவீர்களே, அது. “வழியில்லாத ஊருக்கு வீடு கட்டினவ” என்று ஹெய்க்காவோடு மந்தை மேய்க்கும் நில்லா உங்களைக் கேலி செய்வாரே, அதே குடில்தான். சுவரோரமாகத் தடவிக்கொண்டே போய்க் கதவைக் கண்டுபிடித்தேன்.

உள்ளே அடுப்பு தயாராக இருந்தது. கீழே பிர்ச் மரப்பட்டை, அதன்மேல் சீவல், அதன்மேல் மெல்லிய விறகு, பக்கத்தில் தகர டப்பாவுக்குள் நனையாத தீப்பெட்டி. விறகு பிளக்க வேண்டியிருந்தால் என்னால் முடிந்திருக்காது. என் விரல்களில் ஒரு குச்சியை உரசும் தெம்புதான் மிச்சம் இருந்தது. ஒரே உரசலில் பற்றிக்கொண்டது. உத்தரத்தில் உலர்ந்த இறைச்சியும் தொங்கியது. நான் மென்றேன், பீரெத் பால் குடித்தாள். குடித்துவிட்டுப் பழையபடி வீறிட்டு அழுதாள். அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

கதவைச் சாத்துமுன் அடுத்து வருகிறவருக்கு அடுப்பு அடுக்கிவிட்டு வருவது நம் எல்லோருக்கும் வழக்கம்தான். ஆனால் அந்த உயரத்தில் ஒரு மரம்கூட முளைக்காது. ஒவ்வொரு விறகும் கீழே காட்டிலிருந்து நீங்கள் இழுத்துக்கொண்டு போனது. போன இலையுதிர்காலத்தில், குனிந்து நிமிர முடியாமல், தெற்கே ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால், யாரும் வராத அந்த இடத்தில் மண்டியிட்டு அதை அடுக்கியிருக்கிறீர்கள்.

மறுநாள் காலை வானம் வெளுத்ததும் எங்களைத் தேடி வந்தவர்களில் நில்லாதான் முதலில் புகையைப் பார்த்தாராம். “டேய் ஹெய்க்கா, முட்டுப் பள்ளத்தாக்குல புகைடா! உங்க அக்கா வந்துட்டாடா!” என்று கத்தினாராம். உங்கள் தம்பி ஒரு கணம் அதை நம்பிவிட்டார். என்னிடம் வந்து, “காலேஜ்ல புவியியல் படிச்சியே, இந்த ரெண்டு பள்ளத்தாக்க மட்டும் சாய்ஸ்ல விட்டுட்டியா?” என்று சிரித்தார். பிறகு உங்கள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அழுதார். எங்களுக்காக மட்டும் அழுததாகத் தெரியவில்லை.

ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டீர்களாம். “குடில் கிடக்கட்டும், இனி அங்க யாரு போகப் போறா” என்றும் சொன்னீர்களாம். உங்கள் தம்பிக்கு உங்களிடம் எதிர்த்துப் பேசத் தைரியம் இல்லை. எனக்கும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

யார் போகப் போகிறார்கள் என்று தெரியாமலேதானே அடுப்பு அடுக்கினீர்கள்? அதே மாதிரி இதையும் செய்யுங்கள், அண்ணி. டாக்டர் சொல்வதற்குச் சரி என்று ஒரு வார்த்தை.

கிளம்பும்போது நானும் மண்டியிட்டு அடுக்கிவிட்டு வந்தேன். பட்டை, சீவல், விறகு, டப்பாவில் தீப்பெட்டி. உங்கள் அளவுக்கு நேர்த்தி இல்லை, வந்து திட்டுங்கள். மான்கள் ஈனத் தொடங்குமுன் அங்கே புகை வர வேண்டும். அதுவரை அந்தக் கதவை யாரையும் தொட விடமாட்டேன், புயலில் வருகிறவரைத் தவிர.

பீரெத் நெருப்பைப் பார்த்தால் கை நீட்டுகிறாள். அவளை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் நெருப்பில் குளிர்காய்ந்த,
எல்லென்