மஞ்சள் வண்டிக்காக நான் பேசியது

மே 4, ஞாயிறு

அக்காவுக்கு வண்டி வாங்க அப்பா ஒப்புக்கொண்டுவிட்டார். சாதாரண வண்டி இல்லை, மோட்டோகிராஸ் வண்டி. விளக்கு கிடையாது, இண்டிகேட்டர் கிடையாது, பின்னால் ஆள் உட்கார இடம் கிடையாது. மேட்டில் ஏறி மண்ணில் குதிப்பதற்கென்றே செய்தது. ஜூலையில் கண்மாய் வற்றியதும் ஆலங்குடிப் பக்கம் மண் பந்தயம் நடக்கும். போன வருடம் செவந்தி அக்கா தோழியின் அண்ணனுடைய வண்டியில் ஓட்டினாள். இந்த வருடம் அவர் தரமாட்டாராம். சொந்த வண்டி இல்லையென்றால் அவளுக்குப் பந்தயம் இல்லை.

திருச்சியில் ஒருவர் இரண்டு பழைய வண்டிகளை விற்கிறார். ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். படம் அனுப்பியிருக்கிறார். அக்காவுக்கு நீலம்தான் வேண்டும். ஏன் என்று அப்பா கேட்டதற்கு, "புடிச்சிருக்குப்பா" என்றாள். அப்பாவிடம் இந்தப் பதில் செல்லாது. கடையில் அவர் உரம் விற்பவர். திருவிழா மேடைகளில் பட்டிமன்ற நடுவர்.

"இலக்கியா, நீதானே வீட்டுல படிக்கிற புள்ள. ரிவியூ பூராவும் பாத்துட்டு எது தேவலைன்னு சொல்லு."

பத்தாம் வகுப்பு தொடங்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இதை முழுமையாகச் செய்யப் போகிறேன்.

மே 6

அம்மாவின் போனில் ரிவியூ வீடியோக்களைப் பார்க்கிறேன். தலை சுற்றுகிறது. மஞ்சள் வண்டியின் ஷாக் அப்சார்பர் வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்கிறார் ஒருவர். அதே வண்டி, அதே ஷாக் அப்சார்பர், கல் மாதிரி இருக்கிறது என்கிறார் இன்னொருவர். இருவருக்கும் பல ஆயிரம் லைக்.

மே 7

வெண்ணெய்க்காரர் வண்டியை ஓட்டவே இல்லை!

"காலைலேர்ந்து ஓட்டி டயர்டாயிட்டேன்" என்று அவர் சொல்லும்போது நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன். புது டயரில் முடி முடியாக ரப்பர் நீட்டிக்கொண்டிருக்குமே, அது ஒன்றுகூடத் தேயவில்லை. வண்டியின் நிழலும் வீடியோ தொடங்கியபோது இருந்த இடத்திலேயே கிடக்கிறது. சூரியனும் டயர்டாகிவிட்டதா?

இன்னொருவர் இரண்டு வண்டிகளையும் ஒப்பிட்டுவிட்டு, குடும்பத்தோடு போக நீலம் வசதி என்றார். குடும்பத்தை எங்கே வைப்பார்? மட்கார்டிலா?

மே 9

வெண்ணெய்க்காரருக்குக் கமெண்ட் எழுதினேன். "ஐயா, வணக்கம். தாங்கள் வண்டியை ஓட்டியதற்கான ஆதாரத்தை அன்புகூர்ந்து தெரிவிக்க இயலுமா?"

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: ஒரு சிவப்பு இதயம், "நன்றி உண்ணாமலை ப்ரோ."

உண்ணாமலை என் அம்மா. அவரிடம் காட்டினேன். "யாருடி இவன், எனக்கு எதுக்கு இதயம் அனுப்புறான்" என்று போனைப் பிடுங்கிக்கொண்டார்.

மே 12

போன் திரும்பக் கிடைத்தது. முடிவுக்கும் வந்துவிட்டேன். நம்பக்கூடியது ஒன்றே ஒன்று: வண்டியோடு சேற்றில் விழுந்து, எழுந்து, மூச்சிரைக்கப் பேசும் ஒரு அண்ணனுடையது. பார்த்தவர்கள் மிகக் குறைவு. மஞ்சள் வண்டி மிக உயரம், குட்டையானவர்களுக்குக் கால் எட்டாது, நீலம் சற்றுத் தாழ்வு என்கிறார். செவந்தி அக்கா ஐந்தடிகூட இல்லை. ஆகவே நீலம்தான். காரணத்தோடு நீலம்!

மற்ற எல்லா ஒப்பீடுகளும் ஒரே மாதிரி முடிகின்றன. "ரெண்டுமே அதது வகையில நல்ல வண்டிதான்." அப்பாவுக்கு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். அப்படியே உருகிவிட்டார். "என்ன ஒரு தீர்ப்பு பாத்தியா. இந்தப் பய நடுவரா வர வேண்டியவன்."

பிறகு, என் முடிவை நேரே கேட்காமல் பட்டிமன்றமாகவே வைத்துவிடலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை, நம் வாசலில், அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் குறிப்புகள் சபை ஏறுகின்றன.

மே 18, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

அப்பா சீட்டுக் குலுக்கிப் போட்டார். எனக்கு மஞ்சள் வந்தது, அக்காவுக்கு நீலம். மாற்றிக்கொள்கிறேன் என்றேன். அப்பா மைக் இல்லாமலே மைக்கில் பேசுவதுபோல் சொன்னார்: "பட்டிமன்றத்துல நம்புறதப் பேசக் கூடாது தாயி. கெடைச்சதப் பேசணும். அதான் தெறம."

சரி, பாதித் தெம்போடு பேசித் தோற்றுவிடலாம் என்றுதான் எழுந்தேன். ஆனால் முதல் வாக்கியத்துக்கே எதிர்வீட்டு உடையப்பன் மாமா கைதட்டிவிட்டார். எனக்கு என்ன ஆயிற்று என்றே தெரியவில்லை. "வெண்ணெயில் வழுக்கும் கத்திபோல் மண்ணில் வழுக்கும் மஞ்சள்!" என்றேன். அந்த ஆளுடைய வெண்ணெய்! பொய்யென்று நானே கண்டுபிடித்த வெண்ணெய்! உயரத்தைப் பற்றி, "தலைநிமிர்ந்த தமிழச்சிக்குத் தாழ்ந்த வண்டி எதற்கு?" என்று கேட்டேன். விசில் வந்தது.

அக்கா எழுந்தாள். காது சிவந்துவிட்டது. "நீலம் நல்லாருக்கும்" என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா வழக்கமாக இரண்டு அணியையும் பாராட்டி இரண்டுமே என்று முடிப்பார். இன்றும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தார். அம்மா உள்ளேயிருந்து, "ரெண்டு வண்டி வாங்குறதா உத்தேசமா?" என்றார். அப்பா கனைத்துக்கொண்டு, மஞ்சளே என்று தீர்ப்புச் சொன்னார்.

அக்கா என்னோடு பேசவில்லை.

மே 19

காலையில் கடைக்கே போய் அப்பாவிடம் சொன்னேன். நான் சொன்ன வெண்ணெய்க் கதை பொய், அந்த ஆள் ஓட்டவே இல்லை, டயரைப் பாருங்கள், நிழலைப் பாருங்கள் என்று. யூரியா மூட்டைமேல் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார்.

"தீர்ப்புக்குப் பெறகு பேச்சாளர் பேசக் கூடாதுத்தா" என்றார். திருச்சிக்கு நேற்றே போன் போட்டுவிட்டாராம். நீலத்தை மணப்பாறைக்காரர் யாரோ எடுத்துவிட்டாராம்.

நானும் டயர் தேயாத ஆள்தானே?

மே 24

மஞ்சள் வந்து இறங்கியது. மினி லாரியிலிருந்து இறக்கியதும் அக்கா தாவி ஏறினாள். இரண்டு காலும் அந்தரத்தில். நான் ஒரு பக்கம், உடையப்பன் மாமா ஒரு பக்கம், தேர் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டோம். ஸ்ப்ரிங்கைத் தளர்த்திப் பார்த்தோம். கொஞ்சம் தாழ்ந்தது. கால் இன்னும் எட்டவில்லை.

அம்மா அடுப்படியிலிருந்து அவர் உட்கார்ந்து காய் நறுக்கும் முக்காலியை எடுத்துவந்து போட்டார். அக்காவின் இடது கால் அதில் அழகாக உட்கார்ந்தது.

ஆறு நாளைக்குப் பிறகு என்னிடம் அக்கா பேசிய முதல் வார்த்தை: "தலைநிமிர்ந்த தமிழச்சி ஓட்டப் போறேன். முக்காலிய எடு."

ஜூன் 2

பள்ளி திறந்தது. காலை ஐந்தரைக்குக் கண்மாய்க் கரையில் பயிற்சி, எட்டுக்குப் பள்ளிக்கூடம். அக்கா கிளம்பும்போது முக்காலி வைக்கிறேன், கிளம்பியதும் எடுக்கிறேன், நிற்கப் போகிறாள் என்று கையைக் காட்டினால் ஓடுகிறேன். சமயங்களில் தப்பான இடத்துக்கு ஓடிவிடுகிறேன். அப்போது இருவரும் சேர்ந்து விழுகிறோம்.

ஜூன் 21

அக்காவுக்கு முழங்கை சிராய்ப்பு. முக்காலிக்கு ஒரு கால் ஆட்டம். அம்மா முக்காலியைத்தான் முதலில் பார்த்தார்.

ஜூலை 13, ஞாயிறு

பந்தயம்.

கயிற்றுக்குப் பின்னால் வண்டிகள் உறும, நான் நடுவில் முக்காலியோடு குனிந்திருந்தேன். பக்கத்து வண்டிக்காரர், "என்ன பாப்பா, டீக்கடையா?" என்றார். அக்கா ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "வெளிநாட்டுல இதுக்குப் பேரு ஸ்டார்ட்டிங் பிளாக்குங்க" என்றாள். உண்மைதான். அந்தச் சேற்று அண்ணனின் வீடியோவில் நானும் பார்த்திருக்கிறேன்.

வளைவுகளில் எல்லாரும் காலை நீட்டி ஊன்றித் திரும்பினார்கள். அக்காவுக்கு ஊன்ற வழியில்லை. அகலமாகச் சுற்றி, வேகம் குறையாமல் வந்தாள். ஐந்தாவதாக முடித்தாள். போன வருடம் கடைசி.

முடிந்ததும் நிற்க வேண்டும். கூட்டத்துக்குள் நான் மாட்டிக்கொண்டேன், முக்காலி யாருடைய காலிலோ மாட்டிக்கொண்டது. அக்கா நிற்காமல் இன்னொரு சுற்றுப் போனாள். ஐந்தாவதாக வந்துவிட்டு வெற்றிச் சுற்றுப் போகிறாள் என்று நினைத்து ஜனம் முழுக்கக் கைதட்டியது. அப்பா நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டினார்.

ஜூலை 17

வெண்ணெய்க்காரர் பந்தயத்துக்கு வந்திருக்கிறார்! புது வீடியோ: "குட்டையானவங்களுக்கும் கச்சிதமான வண்டி." சாட்சி, அக்கா ஓட்டும் காட்சி. தொடக்கத்தையும் முடிவையும் வெட்டிவிட்டார். நான் எந்த இடத்திலும் இல்லை.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாராவது நம்பி வாங்கிவிட்டால்?

ஜூலை 20

நாங்களே வீடியோ போட்டோம். அக்கா ஏறுவது, நான் முக்காலி வைப்பது, இருவரும் விழுவது எல்லாம் வெட்டாமல். கடைசியில் தீர்ப்புச் சொல்ல அப்பா தயாராக நின்றார். வேண்டாம் என்று அம்மா சட்டையைப் பிடித்து இழுத்ததும் அதில் பதிவாகிவிட்டது.

ஜூலை 22

பார்த்தவர்கள் நாற்பத்தொரு பேர். முதல் கமெண்ட்: "பெரிய ரிவியூ. நீ ஓட்டிருக்கியா?"

"இல்லைங்க. முக்காலி மட்டும்தான் வைக்கிறேன்" என்று பதில் போட்டேன்.

ஜூலை 23

ஜெகதாப்பட்டினத்திலிருந்து பிளெஸ்ஸி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவரும் ஐந்தடி இல்லையாம். மஞ்சள் வண்டிதான் கிடைத்திருக்கிறதாம். வண்டி நல்லதா கெட்டதா என்று கேட்கவில்லை. "முக்காலி எவ்வளவு உயரம்?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

அம்மா அதில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எழுப்பிவிட்டு, டேப் வைத்து இரண்டு முறை அளந்தேன். ஒன்பதரை அங்குலம். ஆடுகிற காலின் பக்கம் ஒன்பதே கால். இரண்டையும் எழுதி அனுப்பினேன்.