சாந்துப் பீப்பாயின் ஆணி

மாசி 9, செவ்வாய், இரவு.

சோளக்காட்டு பங்களா வேலையில் சாந்து குழைத்தே அம்மாவுக்கு இடுப்பு போச்சு. அதற்காகத்தான் தார்ப் பீப்பாய்க்குள் பலகை அடித்து, கைப்பிடி மாட்டினேன். தடியில் கோத்து இரண்டு பேர் எங்கேயும் தூக்கிப் போகலாம். இன்று சுற்றிக் காட்டினேன். சாந்து வெண்ணெயாய் வந்தது.

"இனி சாந்து வெட்டற மம்முட்டிக்கு மாமியார் ஊட்டு விருந்துதானுங்க!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மேஸ்திரியும் சிரித்தார். "கெட்டிக்காரன்டா! நாளையிலிருந்து சாந்து குழைக்கப் பொம்பளையாளுங்க வேண்டாம்."

அம்மா சுண்ணாம்பு படிந்த காலைக் கழுவினாள். "நல்லாத்தான் சுத்துது கண்ணு" என்றாள்.

எனக்கு அழுகையும் வரவில்லை, கேலியும் வரவில்லை. கைப்பிடி ஆணியைக் கழற்றி வந்து தலைமாட்டில் வைத்திருக்கிறேன். அது இல்லாமல் பீப்பாய் சுற்றாது. காலையில் எல்லோரும் என் வழக்கமான குறும்பு என்றுதான் நினைப்பார்கள். நினைக்கட்டும்.